நிழல் விழாத சாரிசார்ட்

அப்பனுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் கிடையாது என்பது எங்கள் முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகளின் நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன்? பெட்டிக்கடைப் பாக்கெட்டில் வந்த போகிமான் கார்டை மகன் நீட்டி, "இந்தச் சாரிசார்ட் என்ன ரகம்ப்பா?" என்றதும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரண்டு பில்லைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பிறகு அவனுக்குத் தெரியாமல் செல்போனில் படித்தேன்.

சாரிசார்ட் என்பது இறக்கை முளைத்து நெருப்புக் கக்கும் ஒரு பெரிய பல்லி. 1996-இல் ஜப்பானில் கார்டாக வந்தது. வரைந்தவர் மிட்சுஹிரோ அரிட்டா. 1999-இல் வந்த ஆங்கிலப் பதிப்பில் 102 கார்டுகளில் இதற்கு 4-ஆம் எண். அதில்தான் மூன்று ரகம். படத்துக்குக் கீழே இடது ஓரம் '1' முத்திரை இருந்தால் முதல் பதிப்பு. முத்திரையும் இல்லை, படச்சட்டத்தின் வலது ஓரம் நிழலும் இல்லை என்றால் இரண்டாவது. நிழல் விழுந்திருந்தால் ஊருக்கெல்லாம் அச்சடித்தது. மூன்றுக்கும் பல்லி ஒன்றுதான், பலம் 120-தான், அடித்தால் 100-தான். 2021-இல் வெள்ளி விழாவுக்கு '25' முத்திரையோடு மறுபடியும் அடித்தார்கள்.

அப்பழுக்கில்லாத முதல் பதிப்பு ஒன்று 2022-இல் 4,20,000 டாலருக்கு ஏலம் போயிருக்கிறது. நிழல் இல்லாததற்குக் காசு அதிகமாம்! சித்திரை வெயிலில் நிழல் தேடி அலைகிற நெல்லைக்காரன் மண்டையில் இது ஏறுமா?

எங்கள் கார்டிலும் நிழல் இல்லை. மனசுக்குள் மாடி வீடு கட்டி, கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கு எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரி, கார்டை வாங்கி ஓரத்தை விரலால் நெருடினாள். இலையைத் தொட்டே தரம் சொல்கிற விரல்.

"தாளு மட்டம்ங்க. இதுக்கா இம்புட்டு நேரம்?"

மகன் டார்ச் எடுத்து வந்தான். அசல் கார்டின் நடுவில் ஒரு கருப்பு அடுக்கு இருக்கும், வெளிச்சம் லேசில் ஊடுருவாது. எங்கள் சாரிசார்ட்டின் வயிற்றில் டார்ச் அடித்ததும் இந்தப் பக்கம் என் மூக்கு பளிச்சென்று தெரிந்தது.

"போலிப்பா" என்றான். "அது எனக்கு அப்பவே தெரியும்லே" என்றேன். நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாதல்லவா?

வெளிநாட்டுச் சொந்தக்காரர் விட்டுப்போன பழைய கார்டு உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், முதலில் முத்திரையைப் பாருங்கள், அடுத்து நிழலைப் பாருங்கள், கடைசியாக டார்ச் அடியுங்கள். மாடி வீட்டை அதற்கப்புறம் கட்டிக்கொள்ளலாம்.