மகாராஜா வாசிக்காத கச்சேரி

கும்பக்கரைப் பக்கமிருந்து ரோடு ஏறி வருவதற்கு முன்னால் எங்கள் மலைக்கிராமமான அடுக்கத்தில் எது ஏறினாலும் இறங்கினாலும் குதிரை முதுகு, இல்லாவிட்டால் ஆள் முதுகு. காபிக்கொட்டை இறங்கும், அரிசி மூட்டை ஏறும். மேடையில் வைத்து வாசிக்கிற பெரிய பியானோ ஏறக்குறைய 500 கிலோ. ஆகவே, மேற்கத்திய சங்கீதம் எங்கள் ஊரில் தழைக்காததற்கு ரசனையைக் குறை சொல்லாதீர்கள், மட்டக்குதிரையைக் கேளுங்கள்.

சுமைகூலியைப் பற்றிக் கவலையே இல்லாத பியானோக்காரர் ஒருவர் தென்னாட்டில் இருந்தார். மைசூர் ஜெயசாமராஜ உடையார். 1919-ல் பிறந்தவர். வீணைக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு, பையன் பியானோவில் போய் விழுந்தான். சும்மா விருந்தாளி வந்தால் இரண்டு பாட்டு வாசித்துக் காட்டுகிற ரகம் இல்லை. லண்டன் கில்ட்ஹால் பட்டம் வாங்குமளவுக்கு உழைப்பு. டிரினிட்டி இசைக் கல்லூரியும் கௌரவ ஃபெலோ ஆக்கியது. ஆசையெல்லாம் கச்சேரி மேடை.

1940 மார்ச்சில் அப்பா போனார். ஆகஸ்டில் மகாராஜாவாக இருந்த பெரியப்பாவும் போனார். இருபத்தொரு வயதில் தலையில் கிரீடம். நம் வீடுகளில் பிள்ளை பியானோ என்றால் "அது சோறு போடுமா?" என்பார்கள். இங்கே சோற்றுக்குக் குறைவில்லை, சிம்மாசனம்தான் குறுக்கே நின்றது. யானை மேல் அம்பாரியில் தசரா ஊர்வலம் போகிறவர் மறுநாள் டிக்கெட் போட்டுக் கச்சேரி வாசித்தால் திவான் மயக்கம் போட்டுவிடுவார்.

அதே நேரம் லண்டனில் நேர்மாறான ஒரு பிரகிருதி இருந்தார். நிக்கோலாய் மெட்னர். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் 1900-ல் படிப்பை முடித்த அபாரமான பியானோக் கலைஞர். ஊர் ஊராகப் போய் வாசித்திருந்தால் பெட்டி பெட்டியாகப் பணம். மனிதர், "நான் இசை எழுதத்தான் போகிறேன்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மேடை ஏறியபோதும் பெரும்பாலும் சொந்தச் சரக்குதான்.

குடும்பக் கதை இன்னும் விசேஷம். காதலித்தது அன்னாவை, அன்னா கட்டிக்கொண்டதோ அண்ணன் எமிலை. அண்ணன் கத்தியைத் தூக்கவில்லை, விட்டுக்கொடுத்தார். அம்மா மனசு நோகுமே என்று அம்மா இருந்தவரை பொறுத்து, 1919-ல்தான் கல்யாணம். மைசூரில் நம் குழந்தை பிறந்த அதே வருஷம். ஜோசியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

1921-ல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து, 1935-ல் லண்டனில் ஒதுங்கினார். நவீன சங்கீதம் என்றாலே அவருக்கு ஆகாது; அதைத் திட்டி ஒரு புத்தகமே போட்டார். ராக்மானினோவ் மாதிரி பெரிய இசையமைப்பாளரே தன் நாலாவது பியானோ கான்செர்டோவை இவருக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். சமர்ப்பணத்தை வைத்து வாடகை கட்ட முடியுமா? போர் வந்தது, வருமானம் போனது, மாரடைப்பும் வந்தது.

அப்போதுதான் 1946-ல் மைசூரிலிருந்து சேதி. "உங்கள் இசை முழுவதையும் ரிக்கார்டு செய்ய வேண்டும், செலவு என்னுடையது." கதவைத் தட்டுவது கடன்காரனா, கடவுளா என்று கிழவர் குழம்பியிருந்தால் தப்பே இல்லை.

அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிஷம். மெட்னரின் கான்செர்டோவோ அரைமணிக்கு மேல். நல்ல இடத்தில் நிறுத்தி, தட்டை மாற்றி, அதே வேகத்தில் விட்ட இடத்தில் பிடிக்க வேண்டும். ஒரு சுரம் பிசகினால் அந்தப் பக்கம் முழுக்க மறுபடி முதலிலிருந்து. இதயம் பழுதான, அறுபத்தேழு வயது மனிதர் மூன்று கான்செர்டோவையும் இப்படியே துண்டு துண்டாக வாசித்து முடித்தார். பாட்டுகளுக்கு ஷ்வார்ஸ்காஃப் வந்து பாடினார். மூன்றாவது கான்செர்டோ மகாராஜாவுக்கே சமர்ப்பணம். 1951-ல் மெட்னர் கண்ணை மூடினார். ஒருத்தருக்கு மேடை மேல் ஆசை, இன்னொருத்தருக்கு விரல்; மணி ஆர்டரில் முடிந்த கூட்டுக் கச்சேரி.

இதற்குள் மகாராஜாவுக்குக் கை தாராளமாகிவிட்டது. வால்டர் லெக் நடத்திய ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவுக்கும் பணம் போனது. 1950 மே 22 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் முதன்முதலாக அரங்கேறியபோது, ஃபர்ட்வெங்லர் கோல் பிடிக்க, ஃபிளாக்ஸ்டாட் பாட, பணத்துக்கு ஜவாப்தாரி மைசூர். அரண்மனையிலோ இவர் கர்னாடகக் கிருதிகளையும் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். மொத்தம் 94.

ராஜ்ஜியம் போனது, ராஜப்பிரமுகர் ஆனார், ஆளுநர் ஆனார். 1964-ல் நம் சென்னைக்கே ஆளுநராக வந்து கிண்டியில் இறங்கினார். மான்கள் மேயும் அந்தத் தோட்டத்தில் அவருக்குச் சாதகம் செய்ய நேரம் கிடைத்ததா, கோப்புகளைத்தான் கேட்க வேண்டும். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்பில் மாநிலமே கொந்தளித்தபோது நாற்காலியில் அவர் இல்லை. தற்காலிகமாக உட்கார்ந்திருந்தவர் தலைமை நீதிபதி சந்திர ரெட்டி. எல்லாம் அடங்கிய பிறகு, டிசம்பரில் மகாராஜா திரும்பி வந்தார். எந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும் என்பதும் பியானோ வாத்தியார்கள் சொல்லித்தருவதுதான்.