பத்து சென்ட் சில்லி

சான் அன்டோனியோவில் மாநகராட்சிக் கட்டடம் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் சில்லி விற்றார்கள். மாட்டிறைச்சியைக் காய்ந்த மிளகாய் விழுதிலும் சீரகத்திலும் மணிக்கணக்காக வேகவைத்த கெட்டிக் குழம்பு அது. அந்தத் திடலுக்கு மிலிட்டரி பிளாசா என்று பெயர். பகலெல்லாம் காய்கறி, வைக்கோல், விறகுச் சந்தை. இருட்டியதும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பானைகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கி, விறகு மூட்டி, நீள மேசை போட்டு, விளக்கேற்றிக் கடை விரிப்பார்கள். ஒரு தட்டு சில்லி, கூட ரொட்டியோ டார்ட்டில்லாவோ, எல்லாம் சேர்த்துப் பத்து சென்ட். மாடு ஓட்டுகிறவர்களும் படைவீரர்களும் ரயிலில் வந்திறங்கிய வெளியூர்க்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சில்லி குயீன்ஸ் என்று அந்தப் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

1889இல் அங்கே மாநகராட்சிக் கட்டட வேலை தொடங்கியதும் அவர்கள் மற்ற பிளாசாக்களுக்கு நகர்ந்தார்கள். 1930களின் பிற்பகுதியில் சுகாதார விதிகள் இறுகின. ஒரு மேயர் கொஞ்ச காலம் திரும்ப அழைத்து வந்தார், ஆனாலும் போர்க்காலத்தில் அந்தக் கடைகள் ஒரேயடியாக மறைந்தன. பிறகு 1977இல் டெக்சஸ் சட்டமன்றம் சில்லியை மாநிலத்தின் உணவாக அறிவித்தது. சுத்தமில்லை என்று தெருவிலிருந்து துரத்தியதைத்தான் நாற்பது வருஷத்தில் மாநிலத்தின் பெருமை என்றார்கள். சமைத்தவர்களைத் துரத்திவிட்டுச் சமையலை மட்டும் வைத்துக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லித்தான் தெரியும். அவருடைய சின்னப் பாட்டி ஹேமார்க்கெட் பிளாசாவில் பானை வைத்து உட்கார்ந்தவராம். அந்த அம்மாள் சனிக்கிழமைகளில் மட்டும்தான் சில்லி செய்வார். கனமான இரும்புப் பானையை அடுப்பிலேற்றிவிட்டால் அன்று வேறு எங்கும் போகமாட்டார். அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே, இடையிடையே துணி மடித்துக்கொண்டு, சாயங்காலம் வரை சமையலறைதான்.

ஒரு கோடையில் பரமக்குடியிலிருந்து என் அம்மா வந்திருந்தார். சனிக்கிழமை காலையில் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு பையைக் கவிழ்த்தார். உள்ளங்கை அகலத்தில், கறுப்பாகத் தெரிகிற அளவுக்குச் சிவந்து சுருங்கிய ஆன்ச்சோ மிளகாய். பொப்லானோ என்ற குடைமிளகாய் மாதிரியான ரகம் பழுத்துக் காய்ந்தால் ஆன்ச்சோ. அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். உலர்திராட்சை வாசம். கொஞ்சம் பிய்த்து நாக்கில் வைத்தார்.

"என்னடி இது, மிளகாய்ங்கிறாங்க, உறைப்பையே காணோம்?"

முண்டு மிளகாய்க் களத்தைப் பார்த்து வளர்ந்தவர் அப்படித்தான் கேட்பார். உருண்டையாகக் கெட்டித் தோலோடு இருக்கிற அந்த இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாய் என்ற செடியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்ததுதான். அன்றைக்கு அந்த மேசையில் நான் பார்த்தது இதைவிடச் சின்ன விஷயம். யாரும் சொல்லித் தராமலே அம்மா காம்பைக் கிள்ளி, மிளகாயைப் பிளந்து, விதையைத் தட்டிக் கொட்ட ஆரம்பித்தார். எதிரே அந்த அம்மாளும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். பிறகு எண்ணெய் இல்லாத இரும்புக் கல்லில் மிளகாய்த் தோலைப் பரப்பி, தோசைத் திருப்பியால் அழுத்தினார். சில நொடிதான். தோல் லேசாக உப்பி, நிறம் செங்கல்லுக்கு மாறி, வாசம் எழும்பும். அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ஒன்று கருகிப்போனது. இரண்டு பேருடைய கையும் ஒரே சமயத்தில் அதைத் தூக்கிப் போடப் போனது. "கருகினா கசந்துடும்" என்றார் அம்மா. அந்த அம்மாள் தலையசைத்தார், புரிந்துதான்.

எனக்கு வேலை கிடைத்ததும் சனிக்கிழமைகள் போயின. அப்போதுதான் ஸ்லோ குக்கர் வாங்கினேன். பாரம்பரியம் கெட்டது என்பார் என்று பயந்துகொண்டே அந்த அம்மாளிடம் காட்டினேன். அவர் மூடியைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த கல்பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து, "நான் தையல் ஆலையில் நின்ற வருஷங்களில் இது கையில் இருந்திருந்தால் என் பிள்ளைகள் சனிக்கிழமை வரை காத்திருந்திருக்க மாட்டார்கள், மகளே" என்றார். அதன் பிறகு பழைய முறைதான் உயர்ந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. நாள் முழுக்க அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு அந்த நாள் திரும்பக் கிடைப்பதில்லை.

இந்தப் பாத்திரத்துக்கும் ஒரு பாட்டி உண்டு. சிகாகோவில் இர்விங் நாக்ஸன் என்ற பொறியாளர் இருந்தார். லித்துவேனியாவில் வளர்ந்த அவருடைய அம்மா ஒரு கதை சொல்வாராம். வெள்ளிக்கிழமை மாலை சோலண்ட் பானையை ஊர் ரொட்டிக் கடைக்கு எடுத்துப் போவார்கள். அது பயறும் கறியும் கிழங்கும் போட்ட கூட்டு. சப்பாத்து ஓய்வுநாளில் யூதர்கள் நெருப்பு மூட்டக்கூடாது. அணைத்த அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே இரவெல்லாம் அது வெந்துவிடும். அந்தக் கதையை வைத்து நாக்ஸன் ஒரு மின்பானை செய்து, 1940இல் காப்புரிமை பெற்றார். 1970இல் ரைவல் நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கி, மறு வருஷமே கிராக் பாட் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. காலையில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் சாப்பாடு தயார் என்பதுதான் விற்பனைக்கான பேச்சு. வேலையை நிறுத்தும் நாளுக்காகச் சமைத்த முறை, வேலைக்கு ஓடுகிறவர்களின் முறை ஆனது இப்படித்தான்.

ஆனால் இந்தப் பாத்திரம் காத்திருப்பதை மட்டும்தான் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கை வேலையை எடுத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டி மூடினால் சாயங்காலம் கிடைப்பது அவித்த கறி, சில்லி அல்ல. கொழுப்பும் நரம்பும் ஓடுகிற தோள்பட்டைக் கறி, சக் என்று கேட்டு வாங்குவேன். அதை விரலளவுத் துண்டாக்கி, ஈரத்தைத் துடைத்துவிட்டு, சூடான சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க விடுவேன். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டு வேகும், சிவக்காது. ஸ்லோ குக்கரின் சூடு கொதிநிலையைத் தாண்டுவதில்லை, அதனால் அதற்குள் எதுவும் சிவக்க வாய்ப்பில்லை. அதே சட்டியில் வெங்காயம், பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், ஒரிகானோ. அம்மா பார்த்துத் திகைக்கிற அளவுக்குச் சீரகம் விழும். வறுத்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுதை ஊற்றி ஒரு கொதி விட்டு, அதற்குப் பிறகுதான் பாத்திரத்துக்கு மாற்றுவேன். மூடி இறுகி இருப்பதால் தண்ணீர் வற்றாது. அடுப்பில் விடுகிற அளவில் பாதி போதும். லோவில் வைத்தால் எட்டு மணி நேரம். லோவும் ஹையும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தொடும், ஹை சீக்கிரம் தொட்டுவிடும், அவ்வளவுதான். அந்த மெதுவான சூட்டில் நரம்பெல்லாம் கரைந்து ஜெலட்டினாகி, குழம்புக்கு உதட்டில் ஒட்டுகிற கெட்டி வரும். கடைசி அரை மணியில் டார்ட்டில்லாவுக்கான மக்காச்சோள மாவைக் கரைத்து ஊற்றினால் முடிந்தது.

விழுது அரைக்க நேரமில்லாத நாளில் பொடி போடுவதிலும் குறையில்லை. நியூ பிரான்ஃபெல்ஸில் உணவுக்கடை வைத்திருந்த வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர், வருஷம் முழுக்க மிளகாய் கிடைக்காததால் 1890களில் அதைக் காயவைத்து அரைத்து விற்க ஆரம்பித்தார். கடையில் கிடைக்கிற சில்லி பவுடரின் கதை அதுதான். பக்கத்து வீட்டு அம்மாளின் அலமாரியிலும் ஒரு பாட்டில் இருந்தது.

2020க்குப் பிறகு நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வெளியே போகிறவளுக்காக வாங்கிய பாத்திரத்துக்குப் பக்கத்து அறையிலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். வாசம் இழுக்கும், மூடியைத் திறக்கத் தோன்றும். ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்பி வர இருபது முப்பது நிமிஷம் ஆகும் என்பதால் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி.

2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்தபோது இந்த ஊரில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. வந்த நேரம் பார்த்துக் கறியை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விட்டது. வெதுவெதுப்பில் கறியை விட்டுவைக்கக் கூடாது. கிருமி பெருகுவது அந்தச் சூட்டில்தான். பக்கத்து வீட்டு அம்மாள் போவதற்கு முன் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன இரும்புப் பானையை இறக்கி, உடனே அதில் மாற்றினேன். கேஸ் அடுப்பின் மின்பொறி வேலை செய்யவில்லை, தீக்குச்சிதான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கரண்டியுமாக நின்றேன். தெருவில் பல வீடுகளில் மின் அடுப்பு, சூடாக ஒரு வாய் தண்ணீருக்கும் வழியில்லை. கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். கையில் கிண்ணத்தோடு வந்தார்கள். அதுவரை பெயர்கூடத் தெரியாதவர்கள் என் சமையலறைத் தரையில் நெருக்கி உட்கார்ந்து, பனிக்காலம் முடியும்வரை பேசுவார்கள் போலப் பேசினார்கள். பிளாசா பெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

மகள் இப்போது சின்சினாட்டியில் வேலை பார்க்கிறாள். அங்கே 1922இல் மாசிடோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் தொடங்கிய வழி வேறு. பட்டை போட்ட தண்ணியான சில்லியை ஸ்பகெட்டியின் மேல் ஊற்றி, சீஸைத் துருவிக் குவிக்கிறார்கள். சாப்பிட்டுப் பார்த்தேன். ஊர் ஊருக்கு ஒரு சாம்பார் இருப்பதுபோல் அதுவும் அந்த ஊருக்கு நியாயமானதுதான், ஆனால் மனம் ஒட்டவில்லை. அவளும் ஸ்லோ குக்கர் வாங்கியிருக்கிறாள். போன வாரம் காலையிலேயே போன்.

"அம்மா, ராஜ்மா போடலாமா?"

டெக்சஸில் இது சண்டை வரக்கூடிய கேள்வி. டெர்லிங்குவாவில் 1967இல் தொடங்கிய சில்லிப் போட்டி மரபில் பீன்ஸுக்கு இடமில்லை. அதிபர் லிண்டன் ஜான்சன் வீட்டுச் சில்லியைக் கேட்டு எழுதியவர்களுக்கு அனுப்ப அவர் மனைவி அச்சடித்து வைத்திருந்த அட்டையிலும் பீன்ஸ் கிடையாது. எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. கறியைக் குறைத்துப் பயறைக் கூட்டித்தான் பல வீடுகளில் மாதக் கடைசி கழிந்திருக்கிறது.

"போடு கண்ணு. டின்னா, காஞ்சதா?"

"காஞ்சது. ராத்திரி ஊற வச்சேன். அப்படியே குக்கர்ல கொட்டிடவா?"

"கொட்டாதே. சிவப்பு ராஜ்மால ஒரு நஞ்சு இருக்கு, வாந்தி வயித்துப்போக்குன்னு படுக்க வச்சிடும். ஸ்லோ குக்கர் சூட்டுல அது போகாது, அரைகுறையா வெந்தா பச்சையைவிட மோசம். ஊறின தண்ணியைக் கீழ ஊத்து. புதுத் தண்ணி விட்டு அடுப்புல தளதளன்னு அரை மணி கொதிக்க விடு."

"அரை மணியா? எனக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங் இருக்கும்மா."

"அப்ப இன்னைக்கு ராஜ்மா வேண்டாம். கறியை மட்டும் சிவக்க வறுத்துப் போட்டுட்டுப் போ. மிளகாயை வறுத்தியா?"

"பொடிதான் இருக்கு."

"பொடியே போடு. சீரகத்தை மட்டும் வறுத்துக்கோ."