14 இலக்க ஆரோக்கியம்
2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தேசமெங்கும் விரிந்தது முதல், 14 இலக்க ஆபா எனும் சுகாதாரக் கணக்கு எண்ணைப் பெற்றுவிட்ட பிரஜைக்கு வியாதி ஒரு பொருட்டே அல்ல என்று மனப்பூர்வமாக நம்புகிறேன். முன்பெல்லாம் ஜுரம் கண்ட கிழவி நேரே டாக்டரிடம் நாக்கை நீட்டிவிடுவாள், என்ன அநாகரிகம்! இப்போதோ க்யூஆர் கோடு வரிசையில் நின்று, திருப்பூரிலிருக்கும் மகனின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்த ஓடிபியை, நைட் ஷிப்டு முடித்து உறங்குகிற அவன் எழுந்து வாசித்துச் சொல்லும் வரை காத்திருந்த புண்ணியத்தில், ஜுரம் பாதி தானாகவே இறங்கிவிடுகிறது. மருந்தில்லா வைத்தியத்துக்கு இதைவிட உத்தமமான மார்க்கம் உண்டோ? ஒருவழியாகக் கிழவியின் முறை வந்தபோது டாக்டர் திரையைப் பார்த்து, “சர்வர் டவுன்” என்றார், பிறகு மிகுந்த வாஞ்சையுடன், “பாட்டி, பழைய நோட்டு இருக்கா?” என்றார்.

“இருக்கு சாமி. அந்த 14 நம்பரையும் அதுலதான் எழுதி வச்சிருக்கேன்.”