அடுத்த வாரம் வா

சாரணர் படையில் சேர்ந்ததும் எங்கள் கைக்கு முதலில் வந்தது இரண்டு கெஜம் கயிறு. சாம்பல் நிறச் சட்டை, கருநீல அரைக்கால் சட்டை, ஸ்கார்ஃப் எல்லாம் அதற்குப் பிறகுதான். உறுதிமொழியும் சாரணர் விதியும் ஒப்பித்து, இடக்கை குலுக்கக் கற்று, இந்தியில் இருந்த பிரார்த்தனைப் பாட்டையும் கொடிப்பாட்டையும் பொருள் தெரியாமலே நெட்டுருப் போட்டு முடித்தால் பிரவேஷ் என்ற நுழைவு நிலை. அதற்கு மேல் பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான். அவற்றையும் தாண்டினால் ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார். உச்சியில் குடியரசுத் தலைவர் விருது. தொண்ணூறுகளில் எங்கள் பள்ளியில் அந்த உச்சியைத் தொட்டவர் யாரும் இல்லை.

எங்கள் சாரண ஆசிரியர் கணக்கு வாத்தியார். ரீஃப் நாட், க்ளோவ் ஹிட்ச், ஷீட் பெண்ட், பௌலைன் என்று முடிச்சுகளைக் கட்டிக் காட்டினால் மட்டும் அவர் கையெழுத்துப் போடமாட்டார். “கிணத்துல ஒருத்தன் விழுந்துட்டான். ராத்திரி. என்ன பண்ணுவே?” என்பார். துண்டால் நம் கண்ணைக் கட்டிவிட்டு, அணியில் ஒருவனை எதிரே உட்காரவைத்து, அவன் இடுப்பைச் சுற்றி பௌலைன் போடச் சொல்வார். இழுத்ததும் சுருக்கு இறுகினால் போச்சு. இழுத்தாலும் இறுகாத முடிச்சு என்பதால்தான் ஆளைத் தூக்க அதைக் கட்டுகிறோம் என்பதை அப்போதுதான் விளக்குவார். பிறகு, “அடுத்த வாரம் வா.” திட்டமாட்டார். அந்த ஒரு வாரமும் கயிறு நம் கால்சட்டைப் பையிலேயே இருக்கும்.

தீ மூட்ட இரண்டே தீக்குச்சி. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1908இல் ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ எழுதிய காலத்திலிருந்தே சாரணர் தேர்வில் இந்தக் கட்டுப்பாடு உண்டு; சேமிப்பு வங்கியில் ஆறு பென்ஸாவது போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு இருந்தது. ஐப்பசியில் நடந்த எங்கள் தேர்வில், முந்தின நாளே காய்ந்த பன்னாடையும் பனையோலையும் பொறுக்கி வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தவனுடைய அடுப்புதான் முதலில் எரிந்தது. ‘தயாராய் இரு’ என்ற குறிக்கோளை நாங்கள் எல்லோரும் ஒப்பித்திருந்தோம். அவன் அதைச் செய்திருந்தான்.

என் அக்கா மகள் இப்போது சாரணியர் படையில் இருக்கிறாள். போன மாதம் தேர்வு முகாமுக்குப் போய் வந்தாள். பல பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு முடிச்சு, ஒரு காயக்கட்டு, ஒரு கேள்வி என்று முடித்துவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். குறிப்பேடு மட்டும் தடிமனாக இருந்தது. ஒவ்வொரு திறன் சின்னத்துக்கும் வண்ணப்படங்கள் ஒட்டிய பக்கங்கள்.

“வெளியில அடுப்பு வச்சு எப்பம்மா சமைச்ச?”

“இன்னும் சமைக்கல மாமா. முகாம்ல சாப்பாடு குடுத்துட்டாங்க.”

சமையல் சின்னம் சட்டைக் கையில் தைத்தாயிற்று. எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை. கற்றுக்கொள்ளும் ஆசை எங்களைவிட அவளுக்கு அதிகம்.

அன்று கற்றதெல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஸ்கார்ஃபில் குச்சியைச் செருகித் திருகும் அந்தக் கட்டுக்குத் தேர்வே இருந்தது. ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ போய்விடலாம் என்பதால் இன்று அதைக் கூடாது என்கிறார்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அக்கா மகள் இதைத் தடுமாறாமல் சொன்னாள். இதயம் நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். பயிற்சிப் பொம்மைமேல் அழுத்திப் பார்த்தாயா என்று கேட்டேன். வீடியோவில் பார்த்திருக்கிறாள். உயிர் போகிற நேரத்தில் கைக்குப் பழக்கம் வேண்டும்.

ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்டு; அதற்குக் குடியரசுத் தலைவர் விருது ஒரு தகுதி. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது வாழ்க்கை என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சான்றிதழுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்போது, “அடுத்த வாரம் வா” என்று சொல்லும் ஆசிரியருக்குத் துணை நிற்க ஆள் வேண்டும். சாரண ஆசிரியர் என்று பள்ளியில் தனிப் பணியிடம் கிடையாது. பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, பதிவேடுகளை நிரப்பியபின் மிஞ்சும் மாலையில் விசிலை எடுப்பவர் அவர். 2025 தொடக்கத்தில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் சாரண சாரணியரின் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அதை நடத்திக் காட்டிய மாநிலத்தால் அந்த ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை ஒதுக்க முடியும். பிள்ளையைத் திருப்பி அனுப்பவும், அவள் மறுபடி வரும்போது பார்க்கவும் அவருக்கு நேரம் வேண்டும்.

அரையாண்டு விடுமுறையில் எங்கள் கொல்லையில் மூன்று கல் கூட்டி, அந்தச் சமையல் சின்னத்துக்கு உரிய சோற்றை அக்கா மகள் வடிக்கப் போகிறாள். தன் அணிப் பிள்ளைகளையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.