பின் முறிவியல்: போடிமெட்டுச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய பெட்ரோல் ஜீப் மலையேற்றத்தில் நின்றுபோவது பற்றி இதுவரை வந்த கருத்துகள் அனைத்தும் டீக்கடை மரபைச் சார்ந்தவை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம், ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிநாயக்கனூரிலிருந்து முந்தல், போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்குப் போகும் சாலை. ஆய்வுப்பொருள், மகிந்திரா சிஜே3பி ஜீப்பின் ஹரிக்கேன் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் அடியில் கப்ளிங்கைப் பிடித்திருக்கும் பின். லாரிகளை ஏன் விட்டீர்கள் என்று கேட்கலாம். டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. பொறியே வேண்டாத இடத்தில் பின்னுக்கு என்ன வேலை?

எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் தலையில் இருக்கும் ரோட்டார் 1,000 சுற்று சுற்றும். நாலு பிளக்குக்கும் சேர்த்து 4,000 பொறி. இத்தனையும் அந்தத் துண்டுக் கம்பியை நம்பியே நடக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஆயில் விட மறந்தால் புஷ் காய்ந்து தண்டை இறுக்கும். கீழிருந்து எஞ்சின் திருக, மேலே புஷ் பிடிக்க, நடுவில் பின் போகும்.

இனி தருக்கப் பகுதி. மலையில் புகை கண்டால் அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது நம் தருக்க நூலாரின் பழைய எடுத்துக்காட்டு. மணிமேகலையின் 29ஆம் காதையிலும் அது வருகிறது. டிரைவர்களோ இதைத் திருப்பிப் போட்டு, சைலன்சரில் புகை இல்லை, ஆகவே உள்ளே நெருப்பு இல்லை என்கிறார்கள். இது பிழை. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை கிடையாது என்று அந்நூலாரே எச்சரித்திருக்கிறார்கள். ஆனாலும் போடிமெட்டில் டிரைவர் சொல்வதுதான் சரியாக இருந்து தொலைக்கிறது. சாத்திரம் சமவெளியில் எழுதப்பட்டதோ என்னவோ.

அடுத்தது, யாரைச் சந்தேகிப்பது? முதலில் பெட்ரோல் பம்ப், பிறகு காயில், கண்டென்சர், பாயிண்ட், பிளக். பின்னை ஒருவரும் நினைப்பதில்லை. விலை போகாத பொருளுக்குக் குற்றம் செய்யும் தகுதிகூட நம் சமூகத்தில் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஒருவர் கிராங்க் சுற்ற, இன்னொருவர் ரோட்டாரைப் பார்த்தால் போதும். எஞ்சின் சுற்றியும் அது அசையாமல், கையால் தொட்டால் இரு பக்கமும் கொடகொடவென்று ஆடினால் வழக்கு முடிந்தது.

மாற்றும் முறையில் இரு பள்ளிகள் உண்டு. மென்மைவாதிகள் உரிய பின்னைப் போட்டு, இரு முனையையும் தட்டி மடக்குவார்கள். கடினவாதிகள் ஆணியை வெட்டிப் போட்டு, "இனிமே ஜென்மத்துக்கும் ஒடியாதுண்ணே" என்பார்கள். உண்மைதான், ஆணி ஒடியாது. அடுத்த தடவை புஷ் இறுக்கினால் உள்ளே பல்சக்கரத்தின் பல்லே போகும். கடினவாதிகள் பட்டறையில் வேலை குறையாததன் ரகசியம் இது.

இன்னொரு நுட்பம். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, காற்று விரலைத் தள்ளும்வரை கிராங்க் சுற்றி, அந்த நிலையில் ரோட்டார் முதல் பிளக் ஒயரைப் பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்ளிங்கின் நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். தப்பாகச் செருக முடியாது என்று இறுமாந்திருப்போம். ஆனால் பின் போடும்போதே கப்ளிங் திரும்பியிருந்தால் ரோட்டார் நாலாம் ஒயரைப் பார்க்கும். வண்டி கார்புரேட்டர் வழியே 'டப்'பென்று வெடிக்கும்.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்புகையில் போடிமெட்டில் மாட்டிக்கொண்ட பெண்கள் இவ்வெடியை வைத்து மெக்கானிக்கின் குலம் கோத்திரம்வரை ஆராய்வார்கள். அவர்களில் மூத்தவர் எழுப்பும் வினா ஆய்வுலகுக்குப் பெரும் சவால்:

"ஏப்பா, இங்கிட்டிருந்து முந்தல்வரைக்கும் எறக்கந்தானே? எறங்குறதுக்கு எதுக்குப்பா இஞ்சினு?"

பிரேக் தேய்ந்துவிடுமே என்று மறுக்கலாம். ஆனால் இரண்டாம் கியரில் இறக்கினால் பொறி இல்லாத எஞ்சினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆய்வாளரிடம் வேறு மறுப்பு இல்லை.