பச்சைத் தண்ணீர்

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதியைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். அரசாங்கம் நிலத்தைத்தான் பிரித்தது. என் மச்சான் தண்ணீரைப் பிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே திருப்பதியிலிருந்து போன்.

“மாப்ளே, திருமலைப் புஷ்கரணி எங்களுக்கு. கபில தீர்த்தம் எங்களுக்கு. திருச்சானூர் பத்ம சரோவரம் எங்களுக்கு. தலக்கோணா அருவியும் எங்க பக்கம்தான் வந்திருக்கு, 270 அடி. உங்க மாவட்டத்துல முங்கிக் குளிக்க என்ன மிச்சம்?”

பலமநேரைத் தாண்டிக் குப்பம் போகிற வழியில் கைகல் அருவி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சரியான பதில் எப்போதும் மறுநாள் குளிக்கும்போதுதான் தோன்றும். அந்த நேரத்தில் வாயில் வந்தது, “நான் வீட்டுலேயே நீச்சல் குளம் கட்டப் போறேன்.”

அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கு நீச்சல் தெரியாது.

ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணம் குழியில் இறங்கியது. நீளம் 20 அடி, அகலம் 10, ஆழம் 4. ஆழத்தை மட்டும் நான்தான் தீர்மானித்தேன், சுவரோரம் நின்று மார்பு வரை அளந்து. மொத்தம் சுமார் 22,650 லிட்டர். போர்வெல் தண்ணீர். சித்தூர்ப் பாறையைத் துளைத்துக்கொண்டு வரும் அந்தத் தண்ணீரின் குணம், எங்கள் வீட்டு பக்கெட்டில் படிந்திருக்கும் வெள்ளை உப்பைப் பார்த்தாலே தெரியும். நான் பார்க்கவில்லை. நீல டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் மே மாதம், வேலூரில் ஒரு கல்யாணம். ஐந்து நாள் வீட்டில் ஆள் இல்லாதபோது குளத்து மோட்டார் எதற்கு ஓட வேண்டும் என்று, கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கும் புத்திசாலித்தனத்தில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனேன். நல்ல வெயில், அசையாத தண்ணீர், பக்கத்துத் தோப்பிலிருந்து விழுந்து ஊறிய மாவிலை. பாசிக்கு இதைவிடச் சீர்வரிசை வேண்டியதில்லை. திரும்பி வந்து பார்த்தால், கொத்தமல்லியை அரைத்துக் கரைத்தது போல் இருந்தது குளம். முதல் படிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. பச்சைத் தண்ணீர் என்று காய்ச்சாத தண்ணீரைச் சொல்வோமே, அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளும் உண்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

“சார், பாச்சி பட்டிந்தி” என்றாள் வேலைக்கு வரும் அம்மா. நாம் பாசி என்பது தெலுங்கில் பாச்சி. துலக்காத பல்லைப் பழிக்கவும் அங்கே அதே சொல்தான். அவள் குளத்தைத்தான் சொன்னாள். என் கை ஏனோ வாயைப் பொத்திக்கொண்டது.

அதன்பின் தெருவில் வைத்தியர் அல்லாதவர் எவரும் இல்லை. மாந்தோப்புக்காரர் மயில்துத்தம் என்றார், போட்டேன். தண்ணீர் அப்படியே இருந்தது. சுவரைத் தேய்க்க நான் இரண்டு நாள் முங்கி எழுந்ததில், என் நரைத்த மீசை லேசாகப் பச்சை பிடித்தது. மயில்துத்தத்தில் உள்ள செம்பு வெள்ளை முடியில் அப்படி ஏறும் என்பதைப் பிறகு அறிந்தேன். மனைவி தேத்தாங்கொட்டையை நினைவுபடுத்தினாள். என் அம்மா குடத்தின் உட்புறத்தில் அதை இழைத்துத்தான் கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பாள். என் குளத்தைக் குடத்தால் அளந்தேன்: 1,500 குடம். அதோடு அந்த யோசனை முடிந்தது.

மிஞ்சியது பிளீச்சிங் பவுடர். ஷெட்டில் போன வருஷம் வாய் திறந்த மூட்டை ஒன்று இருந்தது. பக்கெட்டில் இரண்டு கிலோ கொட்டி, உச்சி வெயிலில், கைக்குக் கிடைத்த கரண்டியால் கலக்கி ஊற்றினேன். கைக்குக் கிடைத்தது மாமியார் சீராகக் கொடுத்த பித்தளைச் சாம்பார்க் கரண்டி. ஊற்றிய வேகத்தில் கரண்டியும் பவுடரோடு போய்விட்டது.

மறுநாள், “ஏங்க, கரண்டியப் பாத்தீங்களா?”

“குரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும்.”

“காணிப்பாக்கம் வந்து சொல்லுங்க பாப்போம்.”

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சின் கனம் புரியாது. சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறார் அந்த விநாயகர். கிணற்றில் தானாக எழுந்தவர். வழக்கு வாதத்தில் உள்ளவர்கள் கோயில் குளத்தில் முழுகிவிட்டு அவர் முன்னால் சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவனை அவர் விடமாட்டார் என்பது நம்பிக்கை. “குளம் தெளியட்டும், போகலாம்” என்று சொல்லிவைத்தேன். அது தெளியாது என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்பலாமே என்று கேட்பீர்கள். கோடையில் டேங்கர் வரும் நாளில் குடங்கள் வரிசை கட்டும் தெருவில், 22,650 லிட்டரைச் சாக்கடையில் திறந்துவிட்டு நான் எந்த முகத்தோடு பால் வாங்கப் போவது?

கடைசியில் ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். அங்கே நீச்சல் குளச் சாமான் விற்கும் கடைக்காரர் மருந்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். பி.எச். 8.4. “சார், 7.5-ல இருந்தா குளோரின்ல பாதி வேலை செய்யும். உங்க தண்ணில எட்டுல ஒரு பங்குதான். தூக்க மாத்திரை போட்ட வாட்ச்மேன் மாதிரி, ஆள் இருப்பான், திருடனும் இருப்பான்.” புதுப் பவுடராக இருந்தால் 700 கிராம் போதுமாம், பத்து பி.பி.எம். ஏறிவிடும். நான் போட்டதில் சத்து பாதி மூட்டையிலேயே பறந்தது, மீதியை வெயில் தின்றது, சுண்ணாம்பு மட்டும் தண்ணீரில் தங்கி பி.எச்.சை இன்னும் ஏற்றியது. முதலில் ஆசிட், நன்றாகக் கலந்து பி.எச். இறங்கிய பிறகு சாயங்காலம் பவுடர், இரண்டையும் ஒரே பக்கெட்டில் சேர்த்தால் விஷவாயு, மோட்டார் இரவு பகலாக ஓட வேண்டும். மிச்சம் பிடித்த ஐந்து நாள் கரண்ட் வட்டியோடு போயிற்று.

மச்சான் வீட்டுக்குப் போகாமல் திரும்பப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துவிட்டார். மீசையைப் பார்த்தார். அதிசயமாகக் கேலி செய்யவில்லை. “பெருமாள் குளத்தையே வருஷா வருஷம் பிரம்மோற்சவத்துக்கு முன்னால ஒரு மாசம் மூடறாங்க மாப்ளே. பத்து நாள் தண்ணி இறைக்க, பத்து நாள் ரிப்பேர், பத்து நாள் நிரப்ப. நீங்க எம்மாத்திரம்?” மாவட்டம் பிரிந்த பிறகு அவர் எனக்குச் சொன்ன முதல் ஆறுதல் அதுதான்.

வீட்டுக்கு வந்து கடைக்காரர் சொன்னபடியே செய்தேன். நான்காம் நாள் பச்சை போய்க் குளம் மோர் நிறமானது. செத்த பாசி. சலித்துச் சலித்து ஃபில்டர் அடைத்துக்கொள்ள, அதைத் திருப்பிக் கழுவிக் கழுவி என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு படிகாரம் கரைத்து ஊற்றி, மோட்டாரை நிறுத்தி, ஒரு ராத்திரி தண்ணீரைத் தொடாமல் விட்டேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தால், கண்ணாடி. அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல், அதன் நடுவே கறுத்துப்போன ஒரு கைப்பிடி. இறங்கினால் படிந்ததெல்லாம் கலங்கிவிடும். குழாய் வைத்து மெதுவாக உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும், அதற்கு மத்தியானம் ஆகும். அதுவரை யாரும் இந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டுமே என்று நான் விநாயகரை, அதுவும் அந்த விநாயகரையே, வேண்டிக்கொண்டிருந்தபோது மனைவி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். வீடியோவில் மச்சான்.

“அடேயப்பா, தண்ணி என்னமா தெளிஞ்சிருக்கு! அது என்ன மாப்ளே, நடுவுல கறுப்பா? பாம்பா?”

மனைவி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இல்லண்ணா. குரங்குக்கு நீச்சல் தெரியல.”