உப்புக்காற்றில் கல்பாசி வளருமா?

கேள்வி: பிரியாணிக்குப் போடும் கல்பாசி மலையிலிருந்துதான் வர வேண்டுமா? எங்கள் உப்பளக்கரை மரங்களில் சுரண்டினால் கிடைக்காதா? - ஒரு வாசகர், மரக்காணம்

பதில்: சுரண்டினால் மரப்பட்டைதான் வரும்! கல்பாசி ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் உயிர். வேர் கிடையாது. நீரையும் தாதுவையும் பெரும்பாலும் காற்றிலிருந்தும் மழையிலிருந்துமே எடுத்துக்கொள்கிறது. அதனால் இடம் மாறினால் ஆளும் மாறும். வெயில் காயும் சமவெளியில் பட்டையோடு ஒட்டிய வெள்ளைத் திட்டு. மலையேற ஏற, கல்பாசி மாதிரி, இலை போல விரிந்த வகைகள். பனிமூட்டம் தங்கும் சோலைக்காட்டில் கிளைகளிலிருந்து தாடியாகத் தொங்கும் உஸ்னியா. சோலையை வெட்டித் தோட்டம் போட்டால், ஈரம் விரும்பிகள் விலகி வெயில் தாங்கிகள் குடியேறும்.

காற்றில் கலந்த நஞ்சையும் லைக்கன் சேர்த்து வைக்கும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையைச் சுற்றியுள்ள லைக்கன்களை ஹைதராபாத் விஞ்ஞானிகள் சோதித்தார்கள். பாதரசம் சிக்கியது. மரமே சாட்சி சொன்ன மாதிரி!

கடற்கரைக்கென்றே ஒரு லைக்கனும் உண்டு: ரோசெல்லா மாண்டாக்னி. சோழமண்டலக் கரை மரங்களில் சாம்பல் நிற நாடாக்கள் கொத்தாகத் தொங்கும். புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தோடு தொடர்புடைய பெலாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் பெயர் சூட்டியது. இந்த ரோசெல்லா குடும்பத்திலிருந்துதான் பள்ளிக்கூட லிட்மஸ் தாளுக்கான சாயம் எடுத்தார்கள்.

உங்கள் ஊர் பழைய மரங்களில் தேடிப் பாருங்கள். கண்டால் சுரண்ட வேண்டாம். பெரும்பாலான லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.